பவளப்பாறையில் பழகியவர் மூழ்கிய கப்பலுக்கு இறங்கும் முன்

நீங்கள் கேட்டிருப்பது இது: ஸ்கூபாவில் முதல்நிலைச் சான்றிதழ் பெற்று, வெப்பமண்டலக் கடல்களின் பவளப்பாறைகளில் ஒரு டஜன் முறை இறங்கியிருக்கிறீர்கள், அடுத்த பயணத்தில் ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் ஒரு கப்பலைப் பார்க்க வாய்ப்பு வந்திருக்கிறது, பாறையில் கற்றது கப்பலுக்குப் போதுமா, உள்ளே நுழைந்து பார்க்கலாமா? பாறையில் கற்றதில் பாதி அப்படியே உதவும். மறுபாதியைப் பாறை உங்களுக்குக் கற்றுத் தந்திருக்காது. உள்ளே நுழைவதை இந்தப் பயணத்தில் தவிர்த்துவிடுங்கள். முதலில் ஒரு நடைமுறைச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். முதல்நிலைச் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்குமானது. 30 மீட்டருக்கு அடுத்த நிலைப் பயிற்சி வேண்டும். "வழிகாட்டி கூடவே வருவார், பரவாயில்லை" என்று படகில் யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். அந்த ஆழத்தில் உங்கள் காற்றை வழிகாட்டி சுவாசிக்கப் போவதில்லை.

பாறையில் நாம் செய்யும் தவறுகளின் விலையைப் பெரும்பாலும் பவளம்தான் கொடுக்கிறது. உருண்டையாகத் திரண்டு வளரும் பவள வகைகள் ஓர் ஆண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான் வளர்கின்றன. கிளைவிடும் வகைகள் வேகமாக வளரும், ஆனால் அதே அளவுக்கு எளிதில் ஒடியும். பின்னால் என்ன இருக்கிறது என்று பாராமல் ஒருவர் காலை ஒருமுறை உதைத்தால் பத்தாண்டு வளர்ச்சி உதிர்ந்துவிடும். அது அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. சிரித்த முகத்தோடு படகேறுவார். கப்பலில் நிலைமை தலைகீழ். அங்கே அதே உதை வண்டலைக் கிளப்பி உதைத்தவரின் கண்ணையே மறைக்கும். அதே தடுமாற்றம் துருப்பிடித்த விளிம்பில் அவரது குழாயையே சிக்கவைக்கும். இரண்டு இடத்துக்கும் தேவைப்படும் திறமை ஒன்றுதான்: நீரில் ஏறாமல், இறங்காமல், நினைத்த மட்டத்தில் நிற்பது. கப்பலுக்கு நீங்கள் தயாரா என்று என்னிடம் கேட்டால், சான்றிதழைப் பார்க்க மாட்டேன். ஒரு பாறைச் சுவரின் முன்னால் கையை அசைக்காமல் இரண்டு நிமிடம் நிற்கச் சொல்வேன்.

இப்படி ஒரே மட்டத்தில் நிற்பதற்குப் பெரும்பாலும் தடையாக இருப்பது, இடுப்பில் கட்டிய கூடுதல் ஈயம்தான். புதியவர்கள் கீழே இறங்க முடியாமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் ஒன்றிரண்டு கிலோ அதிகமாகவே கட்டிக்கொள்கிறார்கள். அந்த எடையைச் சமன்செய்ய மிதவை அங்கியில் காற்றை நிரப்ப வேண்டியிருக்கிறது. காற்றோ ஆழம் மாறும்போதெல்லாம் சுருங்கி விரிகிறது: சற்று மேலே எழுந்தால் விரிந்து இன்னும் மேலே தள்ளும், சற்றுத் தாழ்ந்தால் சுருங்கி இன்னும் கீழே இழுக்கும். காற்று எவ்வளவு அதிகமோ, அவ்வளவு தள்ளாட்டம். சரியான எடையைக் கண்டறியும் வழி எளியது. முக்குளிப்பின் முடிவில் சிலிண்டரில் 50 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) இருக்கும்போது, 5 மீட்டர் ஆழத்தில் அங்கியின் காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு, இயல்பாக மூச்சுவிட்டபடி அங்கேயே நிற்க முடிகிறதா என்று பாருங்கள். தொடக்கத்தில் இதைச் சோதிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று மட்டுமே மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை கொண்டது. அதில் பெரும்பகுதியை நாம் சுவாசித்துக் கரைத்துவிடுகிறோம்; எனவே முடிவில்தான் உடல் மேலெழத் துடிக்கும், மேலேறும் வழியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தில் நிற்க முடியாமல் போகும்.

எடை சரியாகிவிட்டால் மீதியை நுரையீரல் பார்த்துக்கொள்ளும். மூச்சை ஆழ இழுத்தவுடன் உடல் எழுவதில்லை. ஓரிரு நொடி தாமதித்தே எழும். இந்தத் தாமதம் பிடிபடாதவர்கள், இழுத்தும் எழவில்லையே என்று அங்கியின் பொத்தானை அழுத்திவிட்டு, பிறகு பலூன்போல மேலே போகிறார்கள். மூச்சை அடக்குவது மட்டும் எந்தச் சூழலிலும் கூடாது. அடக்கியபடி மேலெழுந்தால் விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும்.

இதைப் பழக பாறையைவிட நல்ல பள்ளி இல்லை, பார்த்துக்கொண்டே பழகலாம் என்பதால். சுத்தம்செய்யும் சிறு மீன்கள் குடியிருக்கும் ஒரு பவளத் திட்டின் முன், இரண்டு மீட்டர் தள்ளி, அசையாமல் நில்லுங்கள். முதலில் எல்லா மீனும் ஒதுங்கிப்போகும். நான்கைந்து நிமிடத்தில் உங்களை மறந்துவிடும். பெரிய களவா ஒன்று வந்து, வாயைத் திறந்து, செவுள்களை விரித்து, நிறம்கூடச் சற்று வெளிறி, அப்படியே அந்தரத்தில் நிற்கும். நீலக் கோடு போட்ட விரல்நீள மீன் அதன் பற்களுக்கிடையே புகுந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தி, செவுள் வழியாக வெளியே வரும். அருகில் கிளிமீன் பாறையைக் கடிக்கும் சத்தம், யாரோ முறுக்கு நொறுக்குவதுபோலத் தெளிவாகக் கேட்கும். தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் பாய்வதால் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மட்டும் காதுக்குப் பிடிபடாது. அந்த மீன் கடித்து விழுங்கிய சுண்ணாம்பு, வெண்மணலாக வெளியேறுவதையும் பார்க்கலாம். வெப்பமண்டலத் தீவுகளின் வெள்ளைக் கடற்கரைகளில் கணிசமான பங்கு இப்படி வந்ததுதான். களவா முன்னால் அசையாமல் நிற்க முடிந்தவருக்கு, கப்பலின் கைப்பிடிச் சுவர் முன்னாலும் நிற்க முடியும்.

பாறையில் எச்சரிக்கை வேண்டிய உயிர்கள் சில உண்டு. அவற்றில் சுறா கடைசி இடத்தில்தான் வரும். கூடு கட்டிக் காவல் காக்கும் பெரிய கிளாத்தி மீன் நேராக வந்து கடிக்கும். அது தன்னுடையது என்று கருதும் பகுதி, கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவில் இருப்பதால், மேலே எழுந்து தப்பிக்க நினைக்காமல் பக்கவாட்டில் நீந்தி விலகுவதே சரி. கல்லோடு கல்லாகப் படுத்திருக்கும் கல்மீனின் முள் குத்தினால், தாங்கக்கூடிய அளவுக்குச் சூடான நீரில், ஏறக்குறைய 45 பாகை செல்சியசுக்கு மிகாமல், காயத்தை அமிழ்த்தி வைப்பது முதலுதவி. பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். எதையும் தொடாதவரைக் கல்மீன் குத்துவதில்லை. பல கடற்பூங்காக்கள் கையுறை அணிவதையே தடைசெய்திருப்பது இதனால்தான்: கையுறை இருந்தால் கை எதையாவது பற்றத் தேடும். கப்பலில் மட்டும் அனுமதி இருந்தால் கையுறை அணியுங்கள். துருப்பிடித்த தகடு கத்திபோல அறுக்கும்.

இனி, பாறை கற்றுத் தராத பகுதிக்கு வருகிறேன். முதன்மையானது காற்றுக் கணக்கு. பாறையில் 12 மீட்டரில் உலவும்போது "50 பார் மீதத்துடன் படகேறு" என்ற விதி போதுமானதாக இருக்கிறது. அழுத்தமானியை அவ்வப்போது பார்த்தால் போதும், தேவைப்பட்டால் பாறைச் சரிவை ஒட்டியே மெல்ல மேலேறிவிடலாம். 30 மீட்டரில் அந்த விதி உங்களைக் கைவிடும். நீர்மட்டத்தில் ஒரு வளிமண்டல அழுத்தம், அதன்பின் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒன்று கூடும் என்பதால், 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் அங்கே 80 லிட்டர் செலவழிப்பார்.

இப்போது இப்படி எண்ணிப் பாருங்கள். 30 மீட்டரில் உங்கள் கூட்டாளியின் காற்று திடீரென்று நின்றுவிட்டது. இருவரும் உங்கள் சிலிண்டரிலேயே மேலே வர வேண்டும். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர், இருவருக்கும் நிமிடத்துக்கு 60 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிலைமையைப் புரிந்துகொண்டு மாற்று மூச்சுக்குழலைக் கொடுக்கக் கீழேயே ஒரு நிமிடம்: 240 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் வரை எழ ஏறக்குறைய மூன்று நிமிடம், சராசரி அழுத்தம் 2.75: 495 லிட்டர். 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம்: 270 லிட்டர். கடைசி 5 மீட்டருக்கு ஒரு நிமிடம்: 75 லிட்டர். கூட்டினால் 1,080 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் அது 90 பார். அதாவது, அழுத்தமானி 90-ஐத் தொடும்போது நீங்கள் கப்பலை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். கீழே செலவழிக்கக் கிடைப்பது 110 பார், இறங்கும் நேரத்தையும் சேர்த்து, கிட்டத்தட்ட 16 நிமிடம். 50 பாருக்காகக் காத்திருந்தவர், தன் ஒருவருக்கு மட்டும் போதுமான காற்றுடன் அங்கே இருந்திருக்கிறார். அதைக் கூட்டாளி அறிந்திருக்க மாட்டார். இந்தக் கணக்கைப் படகிலேயே, உங்கள் சுவாச அளவை வைத்து, ஒருமுறை தாளில் போடுங்கள்.

இன்னொரு கடிகாரம் உடலுக்குள் ஓடுகிறது. மேலேறும் வழியில் கட்டாய நிறுத்தங்கள் தேவைப்படாமல் 18 மீட்டரில் ஐம்பது நிமிடத்துக்கும் மேல் இருக்க அனுமதிக்கும் அட்டவணைகள், 30 மீட்டரில் 20 நிமிடத்தையே தருகின்றன. காரணம், இரத்தத்திலும் திசுக்களிலும் கரையும் நைட்ரஜன்; அளவு மீறிக் கரைந்தபின் வேகமாக மேலேறினால் அது உடலுக்குள் குமிழிகளாகிவிடும். 32 விழுக்காடு உயிர்வளி கொண்ட நைட்ராக்ஸ் கலவையைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்றிருந்தால் அந்த நேரம் கணிசமாகக் கூடும். ஆனால் அக்கலவைக்கு ஏறக்குறைய 33 மீட்டர்தான் எல்லை, அதற்குக் கீழே உயிர்வளியே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கலாம். கப்பல் கிடக்கும் மணல்தரை 34 மீட்டரில் இருந்தால், சுழல்விசிறியைப் பார்க்கும் ஆசையில் அந்த எல்லையை எளிதில் கடந்துவிடுவீர்கள். நைட்ரஜன் இன்னொன்றும் செய்யும்: 30 மீட்டரை நெருங்கும்போது இலேசான போதையைத் தரும். போதை என்று அது தோன்றாது. எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும், அழுத்தமானியைப் பார்ப்பீர்கள், எண் மனதில் ஏறாது. சில மீட்டர் மேலே வந்தால் உடனே தெளிந்துவிடும்.

இறங்கும் விதமும் வேறு. கப்பல்கள் பெரும்பாலும் வெற்று மணல்வெளியில் கிடக்கின்றன, நீரோட்டத்தைத் தடுக்க அக்கம்பக்கத்தில் எதுவும் இருக்காது. எனவே கட்டுமிதவையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இறங்கி, அதே கயிற்றுக்குத் திரும்பி வந்து ஏற வேண்டும். கயிற்றைத் தவறவிட்டவர் திறந்த கடலில் அடித்துச் செல்லப்படுவார். நீரோட்டத்தை எதிர்த்து முதலில் போய்விட்டு அதன் போக்கிலேயே திரும்புவது பாறையிலும் நல்ல பழக்கம்தான்; இங்கே கட்டாயம். நீங்கள் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் அடையாளமிதவையை மேலே விடுவிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சிக்கிக்கொள்ளும் மீன்வலையையும் தூண்டில் நரம்பையும் அறுக்கச் சிறு வெட்டுக்கருவி வேண்டும். டார்ச் பகலிலும் வேண்டும்: தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான், ஆழத்தில் எல்லாமே நீலச் சாம்பலாகத் தெரியும். கப்பலின் பக்கவாட்டில் விளக்கை அடித்தவுடன், அதுவரை அழுக்குத் துணிபோலத் தொங்கியது செக்கச்சிவந்த மென்பவளம் என்று தெரியவரும் கணம் ஒன்றுக்காகவே டார்ச்சைச் சுமக்கலாம்.

மணல்வெளி நடுவில் கிடக்கும் இரும்பு, மீன்களுக்குப் பாலைவனச் சுனை போன்றது. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் அருகே 1911 மார்ச் 23 அன்று புயலில் சிக்கி, அதிலிருந்த 122 பேருடன் மூழ்கிய 'யோங்காலா' இதற்குச் சிறந்த சான்று. 109 மீட்டர் நீளமுள்ள அந்த உடல் முழுவதும் பவளம் போர்த்தியிருக்கிறது; பாரை, சீலாக் கூட்டங்களும் பெரிய களவாக்களும் ஆமைகளும் கடற்பாம்புகளும் அதைச் சுற்றியே வாழ்கின்றன. உள்ளே நுழையச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் அங்கே போகிறவர்கள் எதையும் இழந்துவிடவில்லை என்பதுதான் என் கருத்து.

'உள்ளே' என்றால் என்ன என்பதை என் அனுபவத்தில் ஒன்றால் சொல்கிறேன். கப்பல்களில் இறங்கத் தொடங்கிய புதிதில், 25 மீட்டரில், இருபுறமும் திறந்திருந்த ஒரு சரக்கறை வழியாக வழிகாட்டியின் பின்னால் போனேன். முன்னால் நீலச் சதுரமாக ஒளி தெரிந்ததால் அச்சம் இல்லை. பாறையில் பழகியபடி கால்களை மேலும் கீழுமாக உதைத்தேன். பாதி தூரத்தில் எதையோ பார்க்கத் திரும்பியபோது, நான் நுழைந்த வாயில் அங்கே இல்லை. பழுப்புப் பால்போல ஒன்று என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. அது என்னைக் கடந்ததும் முன்னாலிருந்த சதுரமும் மறைந்தது. கையில் இருந்த டார்ச்சின் ஒளி முகத்துக்கு முன் ஒரு முழத்தில் நின்றுவிட்டது. தலைக்கு மேலிருந்து துருச் செதில்கள் மழைபோல விழுந்தன. என் மூச்சுக் குமிழிகள்தான் மேல்தட்டில் மோதி அவற்றை உதிர்த்துக்கொண்டிருந்தன என்பது பிறகே புரிந்தது. வழிகாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு குழாயின்மேல் வைத்தார். அதைத் தடவியபடியே வெளியே வந்தோம். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகியிராது. அழுத்தமானியில் 20 பார் குறைந்திருந்தது. வாயில் அகலமாகத்தான் இருந்தது, வழியும் நேராகத்தான் இருந்தது. என் கால்கள் மட்டுமே தவறு செய்தன.

ஆகவே உள்ளே நுழைவதற்கென்று தனிப் பயிற்சி இருக்கிறது. நுழைவாயிலில் கட்டி உள்ளே விரித்துச் செல்லும் வழிகாட்டுக் கயிறு, ஒன்று அணைந்தால் இன்னொன்று என்று மாற்று விளக்குகள், காற்றில் மூன்றில் ஒரு பங்கைப் போகவும் ஒரு பங்கைத் திரும்பவும் செலவழித்து, மூன்றாவதை விபத்துக்கென்று தொடாமல் வைக்கும் விதி, வண்டலைக் கிளப்பாத தவளை உதை ஆகியவை அதன் அடிப்படை. தவளை உதையை இப்போதே பாறையில் பழகுங்கள்: முழங்காலை மடக்கி, பாதங்களை உடலுக்குப் பின்னால் சற்று உயர்த்தி வைத்து, நீரைக் கீழே தள்ளாமல் பின்னோக்கித் தள்ளுவது. பவளமும் நன்றி சொல்லும்.

எல்லாக் கப்பலும் ஒரே வகையும் அல்ல. முக்குளிப்பவர்களுக்காகவே மூழ்கடிக்கப்பட்டவற்றில் எண்ணெயும் கம்பிகளும் அகற்றப்பட்டு, கதவுகள் கழற்றப்பட்டு, வெளியேற வழிகள் வெட்டப்பட்டிருக்கும். அவையும் அசையாதவை என்று நம்பக் கூடாது. புளோரிடாவில் 2002-இல் இப்படி மூழ்கடிக்கப்பட்ட 'ஸ்பீகல் குரோவ்' திட்டமிட்டபடி நிமிர்ந்து இறங்காமல் புரண்டு, பிறகு பக்கவாட்டில் கிடந்தது. 155 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலை 2005-இல் டென்னிஸ் சூறாவளி எழுந்தபோது கடலே நிமிர்த்தி வைத்துவிட்டது. போரில் மூழ்கியவை வேறு வகை. செங்கடலில் 1941 அக்டோபர் 6 அன்று ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் மூழ்கடித்த 'திசில்கோர்ம்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் மோட்டார்சைக்கிள்களும் லாரிகளும் காலணிகளும் துப்பாக்கிகளும் ஏற்றியபடியே இருக்கின்றன; அது ஒன்பது பேர் இறந்த இடமும்கூட. மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களால் மூழ்கிய 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர் என்பதால் அது உங்களுக்கும் எனக்கும் உரியது அல்ல. அதற்கென்றே தனித் தொழில்நுட்பப் பயிற்சி பெற்றவர்கள் போகும் இடம்.

திசில்கோர்மைப் பற்றி இன்னொன்று. அங்கே வந்த படகுகள் கப்பலின் உடலிலேயே கயிறு கட்டியதால் கைப்பிடிகளும் மேல்தளமும் பிய்ந்தன. முக்குளிப்பவர்கள் விட்ட மூச்சுக்காற்று உள்ளே கூரையில் தேங்கி இரும்பை அரித்ததால், அது வெளியேறத் தகடுகளில் துளையிட வேண்டியிருந்தது. ஒரு திருகாணியைக்கூட எடுக்காதவரின் மூச்சும் கப்பலைத் தின்னும் என்றால், நினைவுக்கு ஒன்று எடுத்துக்கொண்டால் என்ன என்ற கேள்விக்கு இடமே இல்லை. நூறாண்டுகளுக்கு மேல் நீருக்கடியில் கிடக்கும் மனிதத் தடயங்களைப் பண்பாட்டு மரபாக வரையறுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 2001-இலேயே வந்துவிட்டது. போர்க்கல்லறைகளாக அறிவிக்கப்பட்ட கப்பல்களுக்குத் தனிச் சட்டங்களும் உண்டு.

உங்கள் பயணத் திட்டம் இன்னும் முடிவாகவில்லை என்றால், ஆழம் குறைந்த ஒரு கப்பலில் தொடங்கச் சொல்வேன். பாலித் தீவின் துலாம்பெனில் கிடக்கும் 'லிபர்ட்டி' இதற்குப் பொருத்தமானது. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலுக்குள்ளான இந்த அமெரிக்கச் சரக்குக் கப்பல் கரையில் ஏற்றி விடப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கும் மேல் கடற்கரையிலேயே கிடந்தது. 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோதுதான் கடலுக்குள் சரிந்தது. அதன் மேல்பகுதி 5 மீட்டரிலேயே தொடங்குகிறது, கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். உங்கள் சான்றிதழின் எல்லைக்குள்ளேயே கப்பலின் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம், காற்று குறைந்தால் சரிவை ஒட்டி மேலேறலாம்.

30 மீட்டர் கப்பல்தான் என்று முடிவாகிவிட்டால், அங்கே இறங்குவதற்கு முன்பே அடுத்த நிலைப் பயிற்சியை முடித்துக்கொள்ளுங்கள். முதல் நாளைப் பாறைக்குக் கொடுத்து, எடையைச் சரிபார்த்து, உங்கள் சுவாச அளவை அளந்துகொள்ளுங்கள். இரண்டாம் நாள் காலை முதல் இறக்கமாகக் கப்பலுக்குப் போங்கள். ஆழமானதை முதலிலும் பாறையைப் பிறகும் வைப்பதே நல்லது. முதல் சுற்றில் மேல்தளத்தின் மட்டத்திலேயே நின்று, முனையிலிருந்து முனைவரை ஒருமுறை வெளியே சுற்றி வாருங்கள். கயிறு எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள். சரக்கறையின் திறப்பைக் கண்டால் வெளியே நின்றபடி விளக்கை உள்ளே அடித்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் மீன்கூட்டம் அங்கிருந்தே தெரியும். பல நாள் தொடர்ந்து முக்குளித்தவர் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால், ஊர் திரும்பும் சீட்டைப் பதிவுசெய்யும்போதே கடைசி நாளைத் தரையில் கழிக்க ஒதுக்கிவிடுங்கள்.